பாட்டிலின் கழுத்தில் ஒரு வளையம்

அக்கா டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாள். விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் தள்ளி, அங்கேயும் பலகை நீண்டிருப்பதைப் போல நிதானமாக வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். டம்ளர் விழுந்து உருண்டு நாற்காலிக் காலில் முட்டி நின்றது. தம்பிக்காகப் போட்டு வந்த காபி தரையில் ஓடி அவன் பாதத்தைத் தொட்டது.

"ஐயையோ, சுட்டுடுச்சாடா?" என்று பதறிக் குனிந்தவள், அவன் காலை விட்டுவிட்டு நாற்காலியின் காலைத் தடவினாள். பிறகு அதற்கும் தானே சிரித்தாள்.

அறையில் இருட்டு இல்லை. சூரியன் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளின் தலைப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். இந்த வெளிச்சம் போதும் என்று அவர் தீர்மானித்துவிட்டால் அந்த வீட்டில் வேறு யாரும் விளக்கைத் தொடக் கூடாது.

"கண்ணாடி மாத்தணும் மாப்ள," என்றார் தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "நேத்து செவுத்துல இடிச்சிக்கிட்டா. அதுக்கு முன்னாடி வாசப்படியில தடுமாறினா. நான் சொன்னா யாரு கேக்கறா? நீ சொல்லு. நீதான் விஞ்ஞானியாச்சே."

விஞ்ஞானி என்ற சொல்லைப் பல்லிடுக்கில் சிக்கியதை வெளியே எடுப்பதைப் போலத்தான் அத்தான் சொல்வார். ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், கேட்கிறவர்களுக்குப் பணத்தை ஏன் கொடுக்க முடியாது என்று எழுதிக்கொண்டிருந்தவர். வேலை முடிந்துவிட்டது, அந்த வேலைக்காக வளர்த்த முகம் மட்டும் அப்படியே இருந்தது. இந்த மனிதருக்கு அக்காவைக் கொடுத்ததை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை. கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் கோபத்தை இவர் மேலேயே வைத்திருந்தான்.

"பகல்ல எப்படிக்கா இருக்கு?"

"பகல்ல நல்லாத்தான்டா தெரியுது. ஊசில நூல் கோக்கறேன். இந்த நேரம் ஆனாதான் எல்லாத்து மேலயும் சாம்பல் பூசின மாதிரி ஆயிடுது."

அவனுக்குள் ஒரு சொல் வந்து நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். மாலைக்கண். அவன் அதை உள்ளே விடவில்லை. உள்ளே விட்டால் வேறு பலவற்றையும் விட வேண்டியிருக்கும். அந்த நோய் எந்தச் சத்து குறைந்தால் வருமோ, அந்தச் சத்தைத்தான் அவன் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டிலைத்தான் அக்கா நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணையத்தில் பாதியை வெட்டியெடுத்த பிறகு எந்தக் கொழுப்பும் உடம்பில் ஒட்டவில்லை. கொழுப்பில் கரைகிற வைட்டமின்களும் அதோடு வெளியே போய்க்கொண்டிருந்தன. டாக்டர் எண்ணெய் மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். அவை அவளுக்குக் குமட்டின. அப்போது அவன்தான் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டான். "உங்க டாக்டர் படிச்சு முடிச்ச வருஷத்தோட நின்னுட்டாரு. இத விடு. நான் தர்றதக் குடி," என்றான். அக்காவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் பெருமை. பக்கத்து வீட்டுக்காரியிடம், மாடியில் இருப்பவளிடம், பால் கொண்டுவருகிறவரிடமெல்லாம் தம்பி தனக்காகவே ஒரு மருந்து கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி வைத்தாள்.

தனக்காகவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை. பட்டாணியிலிருந்து பிரித்த புரதத்தைத் தண்ணீரில் கரைத்து, வைட்டமின் கலந்த எண்ணெயை அதில் விட்டு, பெரும் அழுத்தத்தில் மயிரிழை இடுக்கு ஒன்றின் வழியாகத் தள்ளினால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடையும். ஒவ்வொரு துளியையும் புரதம் ஒரு தோலாகப் போர்த்திக்கொள்ளும். வெளிச்சமும் காற்றும் உள்ளே இருப்பதைத் தீண்டாது. குடலுக்குப் போன பிறகுதான் தோல் செரித்துச் சரக்கு வெளியே வரும். செரிக்கத் திராணியில்லாத குடலும் இவ்வளவு சின்னத் துளியை ஏற்றுக்கொள்ளும் என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் பல வருடங்கள் அவன் ஒருவன்தான் இருந்தான். கம்பெனியில் யாருக்கும் அது புரியவில்லை என்பதில் அவனுக்கு வருத்தத்தைவிடச் சந்தோஷமே அதிகம் இருந்தது.

விற்பனைத் தலைவனுக்கு அவன் 'புன்னகை' என்று பெயர் வைத்திருந்தான். அந்த ஆள் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. முதல் பாட்டிலைச் சுவைத்த அன்று புன்னகை, "சார், மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு சார்," என்றான், அதையும் சிரித்துக்கொண்டே. பட்டாணியின் பச்சை வாசனையை மறைக்கப் பழ ருசி வேண்டும் என்றார்கள். பழம் என்றால் புளிப்பு. புளிப்புப் பட்டால் இந்தப் புரதம் திரளும், துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கும் என்று அவன் எடுத்துச் சொன்னான். இயக்குநர் கொட்டாவியை மூக்கு வழியாக விட்டபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது பாருங்க," என்றார். நடுவில் பார்த்ததுதான் இப்போது ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது: பாதிப் புளிப்பு, அதைத் தாங்கிப் பிடிக்கக் கொஞ்சம் பிசின். பாட்டில் சில வாரம் நின்றால் கழுத்தருகே மங்கிய மஞ்சளில் ஒரு வளையம் ஏறும். ஒரு குலுக்கு குலுக்கினால் காணாமல் போய்விடும்.

மறுநாள் அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அக்காவுக்குக் கொடுத்த அதே தயாரிப்புத் தொகுதியிலிருந்து பாட்டில்களை எடுத்து வரச் சொன்னான். உதவியாளப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டை நாலு தரம் ஆட்டி, மூடியைத் திறந்து, மாதிரி எடுத்தாள். பேசிக்கொண்டே செய்தாள். அங்கே இருக்கும் எல்லோருடைய கையும் அப்படித்தான். தண்ணீர் பாட்டிலைக்கூடக் குலுக்கிவிட்டுக் குடிப்பவர்கள் அவர்கள். மதியத்துக்குள் முடிவு வந்தது. சத்து எங்கேயும் போகவில்லை. போட்டது போட்டபடி இருந்தது.

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் அத்தான் மேல் பழைய இளக்காரம் உடனே வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியாகவே இருக்கும். அந்தக் கஞ்சன் வாங்கிக் கொடுத்த மலிவு கண்ணாடியாக இருக்கும். விளக்குப் போடாத வீட்டில் யாருக்குத்தான் கண் தெரியும்? இப்படி எண்ணியபடியே சனிக்கிழமை காலை புதுப் பாட்டில்களோடு அக்கா வீட்டுக்குப் போனான்.

அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதைப் போல இரண்டு கையாலும் ஒரு பாட்டிலை எடுத்தாள். நிமிர்த்திப் பிடித்தபடியே நடந்து வந்து மேசையில் வைத்தாள். மூடியை மெதுவாகத் திருகினாள். ஒரு ஸ்ட்ராவை அடிவரை இறக்கி, உதட்டைக் குவித்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச ஆரம்பித்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வளையம் அசையவில்லை. மட்டம் இறங்க இறங்க அதுவும் கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கூடவே இறங்கியது. அவள் உறிஞ்சியது அதற்குக் கீழே இருந்த, கழனித் தண்ணீர் நிறத்தில் இருந்த ஒன்றை.

"குலுக்கலயாக்கா?"

"அய்யோ, குலுக்கவே கூடாது. குலுக்கினா நுரை வரும். நுரையோட குடிச்சா காத்து உள்ள போய் வயிறு கல்லா உப்பிக்கும். ஆபரேஷன் முடிஞ்சு வரும்போதே டயட்டீஷியன் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லிச்சு. எதா இருந்தாலும் ஸ்ட்ரா போட்டு, அடியிலேர்ந்து, ஆடாம அசையாம குடிக்கணுமாம்."

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்களா?"

"வார்டுல இருந்த எல்லாரையும்தான் உக்கார வச்சு சொல்லிச்சு."

ஸ்ட்ரா சத்தம் போட்டது. அவள் நிறுத்தினாள். பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வளையம் இப்போது கூழாகக் கிடந்தது. அவள் எழுந்துபோய் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் அதைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"என்னக்கா பண்ற?"

"அந்தக் கடைசி வாய் மட்டும் முடியலடா. கெட்டியா நாக்குல ஒட்டிக்கும், பச்சை நாத்தம் வேற. நீ கஷ்டப்பட்டுப் பண்ணதாச்சே, கழுவி ஊத்த மனசு வரல. அதான் இதுக்காவது போகட்டும்னு. நல்லா தழைச்சிருக்கு பாரு."

தழைத்துத்தான் இருந்தது. மண்ணின் மேல் மஞ்சள் ஏடு காய்ந்து படிந்திருந்தது. தன் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரு குரோட்டன்ஸ் செடிக்கு மாலைக்கண் வராமல் காத்து வந்திருப்பதை அவன் பார்த்தான். சிரிப்பு வந்திருக்க வேண்டும். இதே கதையை வேறு கம்பெனிக்காரனைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் வைத்துச் சிரித்திருப்பான்.

'நன்றாகக் குலுக்கவும்' என்று முதலில் லேபிளில் இருந்தது. புன்னகைதான் அதை எடுக்கச் சொன்னான். குலுக்கவும் என்று போட்டால் பிரிந்துபோன சரக்கு என்று நினைப்பார்கள், இருமல் மருந்து ஞாபகம் வரும் என்றான். கூட்டத்தில் எல்லோரும் இவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்து இவனையே பார்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்ததைச் செய்ய அவனுக்கு விருப்பமில்லை. "எடுத்துடுங்க. பாட்டிலக் குலுக்காம குடிக்கிற முட்டாள் எந்த ஊர்ல இருக்கான்?" என்றான். அந்தக் கூட்டத்தில் அவன் சொல்லி எல்லோரும் சிரித்த ஒரே வாக்கியம் அது. வீட்டுக்குப் போகும் வழியிலும் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

அவன் சொன்னான். சத்து மேலே மிதக்கிறது, அவள் கீழே இருந்த தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள், கண் மங்கியது அதனால்தான் என்று நாலு வாக்கியத்தில் சொன்னான். நாலாவது வாக்கியத்தில் அத்தான் துண்டோடு வந்து வாசலில் நின்றுகொண்டார்.

"அதான பாத்தேன்!" என்றார். அவர் முகத்தில் இத்தனை வெளிச்சத்தை அவன் கண்டதில்லை. "ஏன்டி, ஒரு பாட்டிலக் குலுக்கிக் குடிக்கத் தெரியாதா உனக்கு? சின்னக் குழந்தைக்கும் தெரியுமே! தம்பி ராத்திரி பகலா உக்காந்து பண்றான், நீ என்னடான்னா சத்தையெல்லாம் செடிக்கு ஊத்திட்டு வெறுந்தண்ணியக் குடிச்சிட்டு செவுத்துல முட்டிக்கிட்டுத் திரியற. படிச்சவன் குடும்பத்துல இப்படி ஒண்ணு."

வாழ்க்கையில் முதன்முறையாக அத்தான் அவன் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் எவ்வளவு நாறும் என்பது அவர் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலி பாட்டிலை இன்னும் கையில் வைத்திருந்தாள். "நான்தான் தப்பா குடிச்சிட்டேனாடா?" என்றாள். கேள்வி மாதிரிகூட இல்லை. வழக்கம்போல ஒரு பாரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிற குரல். அவன் ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். சும்மா நின்றான். குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அத்தான் வெற்றியோடு தலையைத் துவட்டுவது கேட்டது. எத்தனையோ பேரை முட்டாள் என்று சொல்லியிருக்கிற வாய் அது. கடைசியில் அதிலிருந்து வந்தது, "கெளம்புக்கா, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்," என்பது மட்டும்தான்.

"வெயில் தாழப் போலாமேடா. இவருக்குச் சமைச்சு வச்சிட்டு…"

சமைத்து வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கும் மாலை நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளை வரிசையில் உட்கார வைத்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே நின்று புன்னகைக்கு ஃபோன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் முதல் தடவையாக அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

"சார், டெஸ்ட் ரிசல்ட் சரியா இருக்குதுல்ல?"

"குலுக்கிட்டு எடுத்த ரிசல்ட்யா அது."

"எப்படி எடுத்தா என்ன சார், சரியா இருக்குல்ல? அப்புறம் குடிக்கிறவங்க எப்படிக் குடிக்கிறாங்கன்றது… நாம போய் வாயத் தொறந்து ஊத்த முடியுமா?"

"வார்டுல அத்தனை பேரும் ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கிறாங்க. குலுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. வெறும் புளிப்புத் தண்ணி போகுதுயா அவங்களுக்கு."

"அடுத்த பேட்ச்ல ஸ்டிக்கர் ஒட்டிடலாம் சார். சின்னதா. எழுத்தெல்லாம் கண்ண உறுத்தாத மாதிரி."

"குலுக்கச் சொன்னா அவங்களுக்கு வயிறு உப்பும். நான் என்ன சொல்றேன்னு புரியுதா இல்லயா? இத நிறுத்தணும். புளிப்ப எடுத்துட்டுத் திரும்பப் பண்ணணும். நாளைக்கே ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லணும்."

"சார், அன்னிக்குக் கூட்டத்துல நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க. இயக்குநருக்கு ஞாபகம் இருக்கும். நாங்க எல்லாரும் எவ்வளவு சிரிச்சோம்." மிரட்டுவதாகக்கூடத் தெரியவில்லை. ஒரு நல்ல நாளை நினைத்துப் பார்ப்பதைப் போலவே சொன்னான்.

"சிரிங்க. நான் திங்கக்கிழமை சொல்லத்தான் போறேன்," என்று வைத்தான். அந்த வாக்கியத்தைச் சொன்ன மாத்திரத்திலேயே அதில் ஒரு ஓட்டை இருப்பது அவனுக்குத் தெரிந்தது. இன்றைக்குச் சனி. நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. அத்தனை பேரும் அதில் உறிஞ்சிக் குடிப்பார்கள், அவனும் தன் மனதை மாற்றிக்கொள்ள அத்தனை நேரம் கிடைக்கும்.

டாக்டர் அக்காவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முழங்கை நரம்பில் ரத்தம் எடுக்கச் சொன்னார். "வைட்டமின் 'ஏ' தான். ரொம்ப குறைஞ்சிருக்கும். நான் எழுதின மாத்திரை என்னாச்சு?"

"குமட்டுச்சு டாக்டர். நானேதான் நிறுத்திட்டேன்," என்றாள் அக்கா. யோசிக்கவேயில்லை. வழியெல்லாம் அதைத் தயாராக வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"இல்ல. நான்தான் நிறுத்தினேன்," என்றான் அவன். "எங்க கம்பெனியில நான் பண்ண ஒண்ணக் குடுத்தேன். அது வேலை செய்யல. இவங்க மேல தப்பே இல்ல. இவங்க சரியாத்தான் குடிச்சாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். படித்த வருடத்தோடு நின்றுபோனவர் என்று அவன் முடிவு கட்டியிருந்த அந்த மனிதர் இப்போது ஒரு பார்வை பார்ப்பார், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று முதுகை நேராக்கிக்கொண்டான். டாக்டர் "சரி," என்றார். எழுதிக்கொண்டே, "ஊசி போட்டுடலாம். எண்ணெய் இல்லாத சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு, குமட்டாது. அதக் குடுங்க," என்றார். அவனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

"பழையபடி தெரியுமா டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"இருட்டுல தெரியறது பெரும்பாலும் திரும்பிடும். கருவிழி ஓரமா கொஞ்சம் காய்ஞ்சிருக்கு, அது எப்படிப் போகுதுன்னு அடுத்த வாரம் வந்தாதான் சொல்ல முடியும்."

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அந்தி இறங்கிவிட்டிருந்தது. அக்கா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குடா அவருகிட்டப் போய் அப்படி சொன்ன? உன் பேரு கெட்டுப்போகாதா?" என்று கிசுகிசுத்தாள். "வீட்ல இவருகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்புறம் காலம் பூரா உன்னக் குத்திக்கிட்டே இருப்பாரு. என்னை ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவாரு, பழக்கம்தான."

வாசலிலிருந்து தெருவரை நீண்ட சிமெண்டுப் பாதை. ஒரு பக்கம் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் யாரோ விளக்கைப் போட்டார்கள். கம்பிகளின் நிழல்கள் பாதையின் குறுக்கே வரிசையாக விழுந்தன. அக்கா முதல் நிழலுக்கு முன்னால் நின்றாள். ஒரு காலைத் தூக்கி, படி ஏறுவதைப் போல உயர்த்தி, அதைத் தாண்டி வைத்தாள். அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். படி இல்லை, வெறும் நிழல்தான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். பாதை நெடுக எங்கேயாவது ஒன்று நிஜப் படியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்தது. எதிரே வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சமதளத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள் அக்கா. அவள் பிடி இறுகும்போதெல்லாம் அவன் காலும் தானாக உயர்ந்தது.